ஒன்பதாம் குச்சி

முன்னால் போகிற பொண்டாட்டி வடிவு சேற்றிலா நடக்கிறாள், வீட்டுக் கூடத்தில் அல்லவா நடக்கிறாள் என்று மாசிலாமணிக்குக் காலங்காத்தாலேயே வயிறு எரிந்தது. அவருக்கு ஒவ்வொரு காலும் கெண்டைக்கால் வரை உள்ளே போய், பிடுங்கும்போது பொளக்கென்று சத்தம் போட்டு, அவர் வயசையும் எடையையும் அங்கே நிற்கிற கொக்குக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பாதம் மட்டும்தான் நனைகிறது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் குளியலறை பிளாஸ்டிக் முக்காலி, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், ஐம்பத்தாறு வயசு, முழங்கால் வலி என்று தைலம் தேய்க்காத நாள் கிடையாது, ஆனால் வத்தம் வந்து கடல் உள்வாங்கிவிட்டால் அந்த வலி எந்தப் பக்கம் போகுமோ. முப்பது வருஷம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். தொண்டிக்குத் தெற்கே இப்படி ஒரு சேற்றுவெளி இருக்கிறது, அமாவாசையை ஒட்டிய நாலு நாளும் விடிந்ததும் ஒன்றரை மணி நேரம் காலாற நடக்கலாம் என்று தேடிக் கண்டுபிடித்தவர் அவர். இவள் வந்தது டிபன் டப்பா தூக்க. இன்றைக்குப் பார், அவள் முன்னால், அவர் பின்னால். “மெதுவா வாங்க, அதிர்வு பட்டா எல்லாம் உள்ள போயிரும்” என்று திரும்பிப் பார்க்காமல் சொல்கிறாள். அது அவர் சொன்ன வார்த்தை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே சேற்றில், முதல் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவர் சொன்னது, ஒரு எழுத்து மாறாமல் அவருக்கே திரும்பி வருகிறது. சரிதான், வார்த்தைக்குப் பட்டாவா இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடுங்கினார்.

கடற்சாமந்தி என்றால் எல்லாரும் டி.வி.யில் வருகிற பெரிசைத்தான் நினைப்பார்கள், பாறையில் உட்கார்ந்து ஆடுமே, ஆரஞ்சு மீன் உள்ளே புகுந்து புகுந்து வருமே, அது. அதைப் பார்க்கப் படிப்பா வேண்டும். இது வேறு சாதி. தீக்குச்சி கனத்தில் புழு மாதிரி உடம்பு, முழுசும் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், வாயைச் சுற்றியுள்ள விரல்களை மட்டும் மேலே விரித்து வைத்து இரை வரட்டும் என்று காத்திருக்கும். விரித்த வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அகலம் தேறாது, நிறமும் சேற்று நிறம். நிழல் பட்டால் போச்சு, காலடி அதிர்ந்தால் போச்சு, சுருக்கென்று இழுத்துக்கொள்ளும், அப்புறம் ஒரு ஊசித்துளைதான் மிச்சம். அதனால் குடை பிடிக்கக் கூடாது. சூரியனைப் பார்த்து உட்கார வேண்டும், நம் நிழல் நமக்குப் பின்னால் கரைப் பக்கம் விழ வேண்டும், கண் கூசினாலும் பொறுத்துக்கொண்டு விரலை எண்ண வேண்டும். எண்ணிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கரையில் உள்ளது பதினாறு விரல்காரன், அது எல்லாருக்கும் தெரிந்தது. பன்னிரண்டு விரலோடு வேறொரு இனம் இங்கே இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் மாசிலாமணி. பதினோரு வருஷம் ஆகிறது. மூன்று உருப்படி எடுத்து, மயங்க வைத்து, பதப்படுத்தி, மெழுகில் வைத்துச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, எட்டு மாசம் ராப்பகலாய்ப் பார்த்து, சின்னப் பத்திரிகைதான், ஆனாலும் பத்திரிகை, அதில் போட்டார். எட்வர்ட்சியா வடிவே. பொண்டாட்டி பெயர். கூடப் படித்தவன் ஒருத்தன் கல்லூரி முதல்வரானான், ஒருத்தன் மதுரையில் மூன்று மாடி கட்டினான், இவருக்கு இந்த ஒரு பெயர். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சம்பந்தி வீட்டார் வந்தால் காப்பிக்கு முன்னால் அதைக் காட்டினார். யார் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரனுக்குச் சொன்னார், “இந்தப் பூலோகத்துல ஒரு உயிருக்கு எங்க வீட்டுக்காரி பேருய்யா.” பக்கத்து இலைக்காரன் ரசம் கேட்டுக்கொண்டிருப்பான்.

அதில் ஒரு முள் உண்டு. பத்திரிகைக்கு அனுப்பியபோது முகம் தெரியாத எவனோ ஒருத்தன் பரிசீலித்து ஒரு கேள்வி கேட்டிருந்தான். மூன்று மாதிரியிலும் இனப்பெருக்க உறுப்பு காணவில்லையே, இவை முதிர்ந்தவைதானா? நாலு நாள் யோசித்தார். அப்புறம், சேகரித்தது இனப்பெருக்கப் பருவம் அல்லாத காலம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். ஒத்துக்கொண்டார்கள். ஒரு வரிதான். அந்த ஒரு வரி மட்டும் பதினோரு வருஷமாக மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகவில்லை, சட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் குத்துகிறது. சின்னதாக இருந்தால்? வெறும் குட்டியாக இருந்தால்? பன்னிரண்டு விரல் என்பது பதினாறு விரல்காரனின் பிள்ளைப்பிராயமாக இருந்தால்? அப்படி என்றைக்காவது எவனாவது காட்டிவிட்டால் எட்வர்ட்சியா வடிவே என்று ஒன்று கிடையாது, எப்போதுமே இருந்தது கிடையாது, பழைய பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் தள்ளிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்த்துப் புது மனுஷ சாதி என்று எழுதிய முட்டாள் என்று அவர் பெயர் நிற்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வடிவிடமும் சொன்னதில்லை.

ஆனால் அந்தப் பயல் கேட்டான். தூத்துக்குடிக்காரன், டாக்டர் கிளமென்ட், முப்பத்தெட்டு வயசு, கடல் ஆராய்ச்சி வேலை, போன வருஷம் தை மாசம் வீட்டுக்கு வந்தான். வந்தவன் சும்மா வந்தானா, பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்தான், “அக்கா, குழம்பு பிரமாதம்” என்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான், சட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினான், கூப்பிட்டு வந்து சேற்றைக் காட்டியதும் ரொம்ப மரியாதையாக, “சார், ஒரு வருஷம் குச்சி நட்டு ஒரே உயிரை அடையாளம் வச்சுப் பாத்தா நல்லாருக்குமே, வளர வளர விரல் கூடுதான்னு தெரிஞ்சுக்கலாம்” என்றான். அந்த மரியாதைதான் மனுஷனை எரித்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அதோடு விட்டானா, இவள் குனிந்து பார்த்து, “இது பன்னெண்டு, அது பதினாறு, அந்தா அது உள்ள போகப்போகுது பாருங்க” என்று நின்ற இடத்திலிருந்து சொன்னதும், “அக்கா, உங்க கண்ணு மாதிரி நான் பாத்ததே இல்ல. நாங்க லென்சு வச்சுக்கிட்டு முழிக்கிறோம்” என்றான். இவளுக்கு முகம் பூரித்துப்போனது. கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷத்தில் அவர் அவளுடைய கண்ணைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்? பெண் பார்க்கப் போன அன்று கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனதும் அவன் ஒரு பொட்டலம் அனுப்பினான், போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ், பொட்டலத்தின் மேல் எழுதியிருந்தது திருமதி வடிவு என்று. தபால்காரர், “அம்மாவுக்கா சார்?” என்று கேட்டார். ஆமாய்யா, அம்மாவுக்குத்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, மாசிலாமணிக்குக் கண் போய் ரெண்டு வருஷமாகிறது. புரை. பால் ஊற்றின மாதிரி ஒரு மசமசப்பு, வெயிலைப் பார்த்து உட்கார்ந்தால் எல்லாமே வெள்ளைப் புகை. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று மகள் போனில் கத்துகிறாள், மழை முடியட்டும், வெயில் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறார், கத்தி என்றால் பயம், அதைவிடத் தனக்குத் தெரியவில்லை என்று வாயால் சொல்லப் பயம். அதனால் ஒரு ஏற்பாடு தானாகவே வந்துவிட்டது. குச்சி நட்டதும் அவள்தான். தென்னை ஈர்க்கைச் சீவி, பழைய பட்டுச்சேலை நூலைக் கட்டி, முதல் குச்சிக்கு ஒரு முடிச்சு, ரெண்டாவதற்கு ரெண்டு, இப்படிப் பன்னிரண்டு குச்சி, அந்தப் பழைய எல்லைக்கல்லைச் சுற்றி. அவள் எண்ணிச் சொல்வாள், அவர் எழுதுவார். மாசத்துக்கு ரெண்டு நாள், பதினாலு மாசம். அவர் நோட்டில் அவர் கையெழுத்து, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, வரிசை வரிசையாகப் பன்னிரண்டு, ஒரு வருஷத்துக்கு மேலாகியும் ஒரு விரல் கூடவில்லை. கிளமென்ட்டின் வாயை அடைக்க இதைவிட என்ன வேண்டும். கட்டுரையும் எழுதி முடித்தாயிற்று. நாளைக்கு எண்ணுவதையும் சேர்த்து மறுநாளே அனுப்பிவிடப்போகிறேன் என்று நேற்றுக் காலைதான், தோசைக்கு நடுவில், அவளிடம் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். “மறுநாளேவா?” என்றாள். அப்போது அதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது மத்தியானம். பிரஷர் மாத்திரை அட்டையைத் தேடி அடுக்களை அலமாரியைக் குடைந்தவர் கையில் அவளுடைய கோலநோட்டு வந்தது. மார்கழிக்கு மார்கழி எடுக்கிற நோட்டு இப்போது எதற்கு உளுந்து டப்பாவுக்குப் பின்னால் என்று புரட்டினார். முதல் பாதி முழுக்கச் சிக்குக்கோலம். அப்புறம் ஒரு வெற்றுப் பக்கம். அதற்கப்புறம் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், வரிசைக்குப் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் கீழேயும் முடிச்சு மாதிரி புள்ளி, ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, பக்கத்தின் மேலே தேதி. ஜன்னலோரம் கொண்டுபோய், மூக்கில் இடிக்க வைத்துக்கொண்டு, பேனா முனையால் ஒவ்வொரு கதிராகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது புள்ளிக்காரன், தை மாசம் பன்னிரண்டு. வைகாசியில் பதிமூன்று. ஆவணியில் பதினாலு. ஐப்பசியில் பதினைந்தா பதினாறா என்று அவளே ஒரு கதிரைக் குட்டையாகப் போட்டிருந்தாள், முளைக்கிற விரல். போன மாசம் பதினாறு. ஒன்பது மட்டுமில்லை, நாலு, ஏழு, பதினொன்று, எல்லாம் கூடிக்கொண்டே வந்திருந்தது. அவரிடம் பன்னிரண்டு சொன்ன அதே காலையில், அதே தேதியில், வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு, உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி வரைந்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்று கேள்விப்பட்டிருக்கிறார், அந்தச் சோற்றைத் தானே பதினாலு மாசம் பிசைந்து சாப்பிட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவருக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, ஒன்பதாவதை மறுபடி முதல் கதிரிலிருந்து எண்ணினார். அப்போது பார்த்து, மாவு டப்பா மேலே கிடந்த அவள் போன் மினுக்கியது. கிளமென்ட். பூட்டின திரையில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரிந்தது. “அக்கா அருமை. எண்ணுறத விட்டுறாதீங்க. சாருக்கு” என்று அதற்கப்புறம் மூன்று புள்ளி.

சாருக்கு என்ன? இந்தச் சேற்றில் காலைப் பிடுங்குகிற ஒவ்வொரு தடவையும் அதையேதான் மனசு பிடுங்கிக்கொண்டிருந்தது. சாருக்குத் தெரிய வேண்டாம். அதுதான், வேறென்ன. சாருக்குத் தெரிய வேண்டாம், அனுப்பட்டும், மனுஷன் பன்னிரண்டு பன்னிரண்டு என்று ஊரறியக் கூவட்டும், அப்புறம் நாம் கோலநோட்டைக் காட்டுவோம். இல்லை, அவன் அப்படிப்பட்டவனாகத் தெரியவில்லை, சாருக்கு என் வணக்கம் சொல்லுங்கள் என்று இருக்கலாம். வணக்கம் சொல்கிறவன் எண்ணுவதை ஏன் விடாதே என்கிறான்? எதை எண்ணுவதை? அவனுக்கு இவள் அனுப்பியிருக்கிறாள். நட்சத்திரத்தைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். புருஷனுக்குப் பன்னிரண்டு, அவனுக்குப் பதினாறு. அவர் கண் தெரியாதவர், அவருக்கு எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். அவன் கண் தெரிந்தவன், அவனுக்கு உள்ளதைச் சொல்லத் தோன்றியிருக்கிறது. சீ, மகன் வயசுப் பயல். வயசு இதில் எங்கே வந்தது, அவர் பயப்படுகிற காரியம் அது இல்லை, அது என்றால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது. கட்டில் விஷயமென்றால் நாலு பேர் வந்து நியாயம் சொல்வார்கள். இதற்கு யார் வருவார்கள்? என் பொண்டாட்டி கடற்சாமந்தி விரலை என்னிடம் ஒரு கணக்கும் அந்நியனிடம் ஒரு கணக்கும் சொன்னாள் என்று எந்தப் பஞ்சாயத்தில் போய் நிற்பது. அதுவும் இவள் யார், பத்தாவதோடு நின்றவள், கண்ணாடித் தகடு எது, மாதிரி வைக்கிற குழிக் கண்ணாடி எது என்று தெரியாமல் கழுவிக் கவிழ்த்தவள். அவளுக்குத் தெரிகிறது. குனியக்கூட வேண்டியதில்லை, தெரிகிறது. முப்பது வருஷம் படித்தவனுக்குப் புகை, புள்ளிக்கோலம் போட்டவளுக்கு விரல் விரலாகத் தெரிகிறது. கடவுள் கண்ணை யாருக்குக் கொடுத்தான் பார் என்று நினைத்ததும், இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்தால் எரிச்சல் அடங்க வேண்டும் அல்லவா, அடங்கவில்லை, கூடியது.

எல்லைக்கல் வந்துவிட்டது. சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தது. வடிவு முக்காலியைப் போட்டுச் சூரியனைப் பார்த்து உட்கார்ந்தாள், அவர் அவளுக்குப் பின்னால் தள்ளி நின்று நோட்டைப் பிரித்தார். முதல் குச்சி. “பன்னெண்டு.” எழுதினார். ரெண்டு. “பன்னெண்டு.” மூன்றும் அப்படித்தான். இந்த மூன்றுக்கும் கோலநோட்டிலும் பன்னிரண்டுதான், அதனால் அது பொய்யில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனால் நாலுக்கு அவள் குரல் எப்படி வருகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். “நாலு... பன்னெண்டு.” ஒரு நூல் பிசகவில்லை. தயிர் உறைந்துவிட்டது என்று சொல்கிற குரல். எத்தனை வருஷமாக இந்தக் குரலில் எதையெல்லாம் சொல்லியிருப்பாள், வலிக்கலை என்றதும் இந்தக் குரல்தானே, உங்க அம்மா ஒண்ணும் சொல்லலை என்றதும் இந்தக் குரல்தானே, எனக்குப் பசிக்கலை நீங்க சாப்பிடுங்க என்றதும். எல்லாம் பன்னிரண்டாக இருந்திருக்குமோ. ஏழுக்கும் பன்னிரண்டு என்று எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. பையிலிருந்து வேறு பென்சில் எடுத்தார். குச்சிகளைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு எண்ணம் அப்போதுதான் வந்தது. பன்னிரண்டு ஈர்க்கு, ஒரு நிமிஷம் போதும். அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பும்போது கால் தடுக்கின மாதிரி நாலைந்தைச் சாய்த்துவிட்டால் எது எந்த உயிர் என்று எந்தக் கிளமென்ட் வந்தும் சொல்ல முடியாது. நோட்டில் இருப்பதுதான் நிற்கும், நோட்டு அவருடையது. கோலநோட்டை எவன் ஆதாரமென்று எடுப்பான்? இல்லை, குச்சி சாய்ந்தால் இவளுக்குத் தெரிந்துவிடும். வேறு வழி இருக்கிறது. அதற்குக் கையைக்கூட அசைக்க வேண்டாம்.

“ஒம்பது” என்று முக்காலியை நகர்த்திக் குனிந்தாள் வடிவு. போனை எடுத்து அந்த லென்ஸை மாட்டினாள். மற்ற குச்சிக்கெல்லாம் மாட்டவில்லை, ஒன்பதுக்கு மாட்டுகிறாள். படம் எடுத்து அவனுக்கு அனுப்பப்போகிறாள், கடைசிப் படம், பதினாறு விரலும் பளிச்சென்று விரிந்த படம். மாசிலாமணி ரெண்டு எட்டு எடுத்து வைத்தார். கல்லைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போய், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொன்னால் வெட்கக்கேடு, மூன்று தலைமுறை மாணவர்களை அந்த இடத்தில் நிற்காதே என்று திட்டியவர், ஒரு பையனை அதற்காகவே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பியவர், அந்த இடத்தில் போய் நின்றார். அவருடைய நிழல் நீளமாக, தொப்பியும் தொந்தியுமாக, சேற்றின் மேல் படுத்து ஒன்பதாம் குச்சியை மூடியது. அவருக்கு எதுவும் தெரியவில்லை, அது உள்ளே போவது தெரிகிற கண்ணாக இருந்தால் இத்தனை பாடு எதற்கு. அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்துத்தான் போய்விட்டது என்று தெரிந்துகொண்டார். சந்தோஷமாக இருந்தது. பத்து வயசில் தம்பியின் பட்டத்தை அறுத்துவிட்டபோது இருந்த அதே சந்தோஷம், அதே மாதிரி அடுத்த நொடியே புளித்துப்போனது.

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். போனை மடியில் வைத்தாள்.

“நிழல் படும்னு உங்களுக்குத் தெரியாதா” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “வேணும்னுதான செஞ்சீங்க.”

“கோலநோட்டைப் பாத்தேன்” என்றார் மாசிலாமணி.

தூரத்தில் ஒரு மீன்பிடி வல்லம் இன்ஜின் பிடிக்காமல் இருமி இருமி அடங்கியது. அவள் வாய் திறக்கட்டும் என்று நின்றார். அழுவாள், மன்னிச்சுக்குங்க என்பாள், உங்க மனசு நோகுமேன்னு மறைச்சேன் என்பாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. கண்ணில்லாதவன், பாவம், பெயரை வைத்துக்கொண்டு விளையாடட்டும் என்று அவளும் அந்தப் பயலும் சேர்ந்து விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றால், அதற்குத் திருடினார்கள் என்பதே மேல். அவள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

“எம்மேல எரக்கப்பட்டியாக்கும். நீயும் ஒன் டாக்டர் தம்பியும்.”

“உங்களுக்காகவா?” என்றாள் வடிவு. அவளுக்கு நிஜமாகவே அது புதுசாக இருந்தது முகத்தில் தெரிந்தது, அந்த அளவுக்குக் கிட்டத்தில் இருந்தால் அவருக்கு முகம் தெரியும். “உங்களுக்காக எதுக்கு மறைக்கணும்? எனக்காகத்தான் மறைச்சேன். எம் பேருல்ல அது.”

அவருக்குப் புரியவில்லை.

“ரேஷன் கார்டுல உங்க பேருக்குக் கீழ நான். வீட்டுப் பத்திரம் உங்க பேரு. பொண்ணு கல்யாணப் பத்திரிகையில திருமதி மாசிலாமணின்னு போட்டீங்க. கேஸ் புக்கு, கரண்டு பில்லு, எதுலயாச்சும் வடிவுன்னு தனியா நிக்கிதா? அந்தச் சட்டத்துக்குள்ளதான் நிக்கிது. நீங்க வந்தவங்ககிட்ட எல்லாம் காட்டுவீங்க, நான் காப்பி குடுத்துட்டு உள்ள போயிருவேன். ஆனா தூசி தட்டறப்ப தெனமும் படிப்பேன். இங்கிலீஷுல ரெண்டாவது வார்த்தை நான்.” சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “வைகாசியில பதிமூணுன்னு பாத்தப்ப வாய் வரைக்கும் வந்துருச்சு. சொன்னா நான் இல்லாமப் போயிருவேன்னு தோணுச்சு. பன்னெண்டுன்னுட்டேன். அப்புறம் அதையே சொல்லவேண்டியதாப் போச்சு. ஆனா பாத்ததைப் போடாம இருக்கவும் முடியல, அதான் நோட்டு.”

“அவனுக்கு அனுப்பிச்ச.”

“நட்சத்திரத்தை அனுப்பி, விரல் இப்படிக் கூடுமா தம்பின்னு கேட்டேன். எந்தக் குச்சின்னு சொல்லல.”

“சாருக்குன்னு எழுதிருந்தான். சாருக்கு, என்ன?”

வடிவு போனை எடுத்து, சேற்று விரலைத் துடைத்துத் திரையில் தேய்த்துத் திறந்து, நீட்டினாள். அவர் வாங்கவில்லை, வாங்கினாலும் வெயிலில் அவருக்குத் தெரியாது. அவளே படித்தாள். “சாருக்குக் கண் ஆபரேஷன் எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க, நான் லீவு போட்டுட்டு வர்றேன்.”

அவனுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தபால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். மாசிலாமணிக்கு முகம் சுட்டது, ஆனால் வேறொன்று அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அந்தப் பெயர் தன்னுடையது என்றே இத்தனை வருஷமும் இருந்திருக்கிறார். கொடுத்தவர் அவர், எழுதியவர் அவர், மாட்டியவர் அவர், போனால் அவருக்குத்தான் போகும். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது, சந்தோஷப்பட்டிருப்பாள், அவ்வளவுதான். இவரைவிட அதிகமாக அதைப் பிடித்துவைத்திருந்த ஒருத்தி இவர் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள், அதற்காகப் பதினாலு மாசம் பொய் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரே ஒரு வரிப் பொய் சொன்னார், பருவம் அல்லாத காலம் என்று. தொண்டையில் அது இருந்த இடத்தைத் தடவிக்கொடுக்கிற மாதிரி எச்சில் விழுங்கினார். இதற்கும் பொறாமைதான் வந்தது, மனுஷன் வேறெதைக் கண்டார், ஆனால் இந்தப் பொறாமையில் எரிச்சல் இல்லை, தான் அவ்வளவு ஆசை வைக்கவில்லையே என்கிற மாதிரி இருந்தது.

“தண்ணி ஏற இன்னும் எவ்வளவு நேரம்?” என்றார்.

“அரை மணி இருக்கும்.”

கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். சத்தம் வராமல் காலைச் சாய்த்துச் சாய்த்து எடுத்தார், அப்படி எடுக்கத் தெரியாதவர் இல்லை. அவளுக்குப் பக்கத்தில், சேற்றிலேயே, வேட்டியோடு சூரியனைப் பார்த்து உட்கார்ந்தார். ரெண்டு நிழலும் கரைப் பக்கம் போய் விழுந்தன. கண்ணில் வெள்ளைப் புகை நிறைந்தது. ஒரு உள்ளான் குருவி கிட்டே வந்து, இதுகள் எழுந்திருக்காது என்று தெரிந்துகொண்டு சேற்றைக் கொத்தியது. அவர் ஈரமாகிக்கொண்டே இருந்தார். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும், அவள் மூச்சை இழுத்தாள், அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது.

“வந்துருச்சா?”

“வருது. ஒண்ணொண்ணா விரிக்கிது.”

நோட்டை முழங்காலில் வைத்து, நாலுக்கும் ஏழுக்கும் எழுதியதைக் குத்துமதிப்பாகத் தடவி அடித்தார். “எண்ணு” என்றார்.

“எதுக்குங்க? நாளைக்கு அனுப்பணும்னீங்களே.”

“அந்தச் சட்டத்தை நான் தூசி தட்டமாட்டேன், நீதான் தட்டித் தெனமும் படிக்கணும். எண்ணு வடிவு. வாய்விட்டு எண்ணு.”

அவள் போனிலிருந்து லென்ஸைக் கழற்றி மடியில் வைத்தாள். அப்புறம் குனிந்தாள். ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கியவள், புள்ளி வைக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி விட்டு, அவசரமில்லாமல் போனாள். ஏழு. எட்டு. ஒன்பதில் ஒரு தடவை இருமினாள். பத்து, பதினொன்று. பன்னெண்டு என்றுவிட்டு நிறுத்தினாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கடலில் எங்கோ தண்ணீர் திரும்புகிற சத்தம் லேசாகக் கேட்டது. பென்சிலைத் தாளில் வைக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பதிமூணு” என்றாள்.